தமிழில் எழுதிய மாயக்கதையை எந்த இதழுக்கு, எப்படி அனுப்புவது?

மலைநிழல் (காத்ர் போர்ன், மொரீசியஸ்):
வணக்கம். தமிழில் ஒரு மாயக்கதை கைவசம் இருக்கிறது, 1,900 சொல். தைப்பூசத்தன்று காவடி எடுத்தவர் கோர் தெ கார்த் மலைக்கோயில் படியேறுகிறார். அவர் நிழல் மட்டும் அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது. முகநூலில் போட்டுக் கருத்துக் கேட்டுவிட்டு அனுப்பலாமா? ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்துக்கு அனுப்பினால் தப்பா?

கரும்புத்தோகை:
முகநூல் வேண்டவே வேண்டாம். எல்லாரும் பார்க்கும்படி போட்ட கதையைப் பெரும்பாலான இதழ்கள் 'ஏற்கெனவே வெளிவந்தது' என்று ஒதுக்கிவிடும். அவர்கள் கேட்பதே முதல் வெளியீட்டு உரிமையைத்தான். கருத்து வேண்டுமென்றால் நாலு பேருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

தமிழிலேயே வெளியிட 'அரூ' உண்டு, கனவுருப்புனைவுக்கென்றே (நிஜத்தில் நடக்காததைக் கற்பனை செய்யும் கதை) தொடங்கிய மின்னிதழ். இதழ் இல்லையென்றாலும் காமன்வெல்த் சிறுகதைப் பரிசையும் பாருங்கள். தமிழ்க் கதையைத் தமிழிலேயே வாங்கிக்கொள்கிறார்கள், கட்டணம் இல்லை, மொரீசியஸ் குடிமக்கள் கலந்துகொள்ளலாம். அளவு மட்டும் 2,000 முதல் 5,000 சொல். உங்களுக்கு நூறு சொல் குறைகிறது. அதற்காக மலையையும் மேகத்தையும் வர்ணித்து நிரப்பாதீர்கள், நடுவர் கண்ணுக்கு உடனே தெரியும். நின்றுபோன நிழலை அடிவாரத்தில் யார் பார்த்தார்கள் என்று ஒரு காட்சி எழுத முடிந்தால் சேருங்கள். இல்லையேல் வேறு இடம் பாருங்கள்.

தாமரைக்குளம்:
ஆங்கில இதழ்களையும் பாருங்கள். ஆனால் ஆங்கிலத்தில் பெயர்த்தால் வேற்றுமை உருபெல்லாம் தனிச்சொல்லாகப் பிரியும், 1,900 சொல் 2,500-ஐத் தாண்டலாம். ஒவ்வோர் இதழின் உச்சவரம்பையும் பெயர்த்த பிரதியின் எண்ணிக்கையோடுதான் ஒப்பிட வேண்டும்.

'ஒமெனானா' ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் மிகுபுனைவுக்கான (மாயக்கதை, அறிவியல் கதை போன்றவை) இதழ். நாமும் ஆப்பிரிக்காதான், இங்கே பலருக்கு அது மறந்துபோகிறது! மொழிபெயர்ப்புக்கென்றே 'சமோவார்' இருக்கிறது, 'ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்' என்ற ஆங்கில மிகுபுனைவு இதழின் துணை இதழ். அனுப்பும் முன் இப்போது கதை வாங்குகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பல இடத்துக்கு ஒரே கதை அனுப்புவது இதழைப் பொறுத்தது. 'கிளார்க்ஸ்வேர்ல்டு' என்ற ஆங்கில மிகுபுனைவு இதழ் ஏற்காது. ஏற்கும் இதழ் என்றால், ஓரிடத்தில் தேர்வானதும் மற்ற இடங்களிலிருந்து அன்றைக்கே திரும்பப் பெறுங்கள். ஒரே இதழுக்கு இரண்டு கதை அனுப்புவது வேறு விஷயம், அதற்குத் தனி விதி இருக்கும்.

பிரதி: 12 புள்ளி எழுத்து, இரட்டை வரி இடைவெளி, நாற்புறமும் ஓர் அங்குல ஓரம், வேர்டு கோப்பு. பெயர் மறைத்துப் படிக்கும் இடமென்றால் முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. கோப்பின் பண்புகளிலும், பக்கத் தலைப்பிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். கூடவே போகும் கடிதம் நாலு வரி: தலைப்பு, சொல் எண்ணிக்கை, மொழிபெயர்ப்பு என்ற தகவல், முன்பு எழுதியது இருந்தால் அது. நிழல் ஏன் நின்றது என்று கடிதத்தில் விளக்கினால் கதை பாதி செத்துவிடும்.

கரும்புத்தோகை:
பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அந்தப் பக்கம் எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மாற்றியபின் கொம்பும் காலும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். கெடு நேரம் நியூயார்க் கணக்கில் இருந்தால் நம் கடிகாரம் அங்கே கோடையில் எட்டு மணி நேரம், குளிர்காலத்தில் ஒன்பது மணி நேரம் முந்தி ஓடும்.

மலைநிழல்:
நன்றி. ஆங்கிலப் பிரதியில் காவடி, அலகு, பால்குடம் எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு வேண்டுமா?

தாமரைக்குளம்:
வேண்டாம். அலகு நாக்கைத் துளைக்கும் இடத்தை எழுதினால் அலகு என்னவென்று யாருக்கும் புரியும். குறிப்பு போட ஆரம்பித்தால் மாயமும் பண்பாட்டு விளக்கம் போலப் படிக்கப்படும். நம் சடங்கில் நிஜமாகவே நிழல் நின்றுவிடும் போலிருக்கிறது என்று வாசகர் நினைப்பார். காவடி எடுப்பது அன்றாடம், நிழல் நிற்பதுதான் அதிசயம். அந்த வித்தியாசம் முதல் பக்கத்திலேயே, மற்ற பக்தர்கள் திரும்பிப் பார்க்கும் விதத்தில் தெரியட்டும்.