கார்ல உள்ள மேப்பா, போன் மேப்பா? ரெண்டுட்டயும் பட்டாச்சு

எங்க வண்டி 2017ல எடுத்தது. ஸ்க்ரீன்லயே மேப் வரும்னு சொன்னதுக்காக கூட ரூபா குடுத்து டாப் மாடல் எடுத்தோம். மேப் எஸ்டி கார்டுல இருக்கு, நெட் வேண்டாம். கொள்ளாம்னுதான் இருந்தோம், நம்ம கன்னியாகுமரி ஜில்லா மார்த்தாண்டத்துல மேம்பாலம் வர்ற வரைக்கும். 2018 கடைசில அதுல வண்டி விட ஆரம்பிச்சாச்சு, கார்டுக்கு அது தெரியாதுல்லா. நானும் ரொம்ப வருஷம் வெளியூர். சித்தப்பா மவ கல்யாணம், மண்டபம் ஜங்ஷன் பக்கத்துல, இது பாட்டுக்கு நேரா போ நேரா போன்னு சொல்லுது, நான் பம்மத்துல பாலத்துல ஏறிட்டேன். கீழ வாசல்ல வாழைக்குலை கட்டியிருக்கது மேல இருந்து தெரியுது, ஸ்க்ரீன்ல வந்து சேர்ந்தாச்சுன்னு வருது, எறங்கத்தான் வழியில்ல! வெட்டுமணி போய் எறங்கி, கீழ உள்ள நெரிசல்ல திரும்பி வந்தா தாலி கட்டியாச்சு. மைனி இன்னும் சொல்லிக் காட்டுவாங்க. கார்டு அப்டேட் பண்ண கேட்ட ரேட்டுக்கு ஒரு போனே வாங்கலாம்.

செரி, இனி போன்தான்னு முடிவு பண்ணி பேச்சிப்பாறைக்கு கெளம்பினோம். திருவட்டாறு தாண்டி அஞ்சு நிமிஷம் மிச்சம்னு ஒரு வழி காட்டுச்சு, போகப் போக ரோடு சுருங்கி கடைசில சானல்கரை, ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் ரப்பர் தோட்டம், கதவு தொறக்கக்கூட எடம் இல்ல. பால் வெட்டிட்டு இருந்த ஒரு பெரியவர் வந்து "மேப்பு பாத்து வந்தியளா மக்களே"ன்னு கேட்டாரு. அவர் கை காட்ட காட்ட ரிவர்ஸ்லயே வந்தேன். பைக் போற வழிய காருக்கும் காட்டுது, என்னத்த சொல்ல.

அதோட தீரல. பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு பக்கம் போகும்போ சிக்னல் நின்னுட்டு. வெறும் வெள்ளைத்தாள்ல நீலப் புள்ளி மட்டும் நகருது. ஜிபிஎஸ் சாட்டிலைட்ல இருந்து வருது, அதுக்கு டவர் வேண்டாம், ஆனா மேப் படமும் வழி மாறினா புது வழியும் நெட்ல இருந்துதான வரணும். அப்போ பழைய கார்டை ஆன் பண்ணினா மலை ரோடு வளைவு வளைவா அப்படியே இருக்கு! அந்த ரோடு மாறவே இல்லல்லா.

கமெண்ட்ல வந்தது:

— அண்ணே, வீட்ல வைஃபை இருக்கும்போவே நம்ம ஜில்லாவ மொத்தமா ஆஃப்லைன்ல டவுன்லோடு பண்ணி வைங்க, காட்டுக்குள்ளயும் வழி சொல்லும். எனக்கு பிரச்சனை சூடுதான். கண்ணாடில ஒட்டி வச்சு சார்ஜும் போட்டு ஆரல்வாய்மொழி வழியா உச்சிவெயில்ல வந்தேன், ஸ்க்ரீன் மங்கி மங்கி போன் ஆஃப் ஆயிட்டு. இப்போ ஏசி காத்து அடிக்கற எடத்துல மாட்டியிருக்கேன்.

— அந்த சானல்கரைல ஒரு சின்ன கலுங்கு வருமா? அங்கதான் எங்க மச்சானும் போன மாசம் மாட்டினாரு, அவருக்கும் அதே அஞ்சு நிமிஷ மிச்சம்தான் 😂