பெடல் பெட்டியில் சிக்குக் கோலம் பொறித்தல்: பின்புலம் சொரசொரப்பாக அரிபடுவது ஏன்?

மலைத்தந்தி (ஏற்காடு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நானே இணைத்துக் கட்டிய ஓவர்டிரைவ் பெடல் (கிதாரின் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் மிதித்து இயக்கும் கருவி) ஒன்றை வார்ப்பு அலுமினியப் பெட்டியில் அடைத்து, அதன் முகப்பில் சிக்குக் கோலம் ஒன்றை அரித்துப் பொறிக்க விரும்புகிறேன். பெட்டி 125பி என்று விற்கப்படும் அளவு. ஏறத்தாழ 122 மில்லிமீட்டர் நீளமும் 66 மில்லிமீட்டர் அகலமும் உடையது. பூச்சு ஏதும் இல்லாத வெற்று உலோகமாகவே வாங்கியிருக்கிறேன்.

பெட்டியில் கை வைப்பதற்கு முன், வேறொரு பெட்டியின் பழைய மூடியில் ஒத்திகை பார்த்தேன். கணினியில் வரைந்த கோலத்தை இடவலமாகத் திருப்பி, வழவழப்பான வார இதழ்த் தாளில் லேசர் அச்சுப்பொறியால் அச்சிட்டு, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி டோனரை (அச்சுப்பொறியின் மைத்தூளை) உலோகத்தின்மேல் ஏற்றினேன். பின்னர் மூடியை, மின்சுற்றுப் பலகையின் செம்பை அரிக்கப் பயன்படும் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் இறக்கினேன். கரைசல் உடனே சூடேறி நுரைத்தது. டோனரின் ஓரங்கள் சில இடங்களில் எழும்பிக்கொண்டன. கோலத்தின் கோடுகள் மேடாக நிற்கின்றன என்றாலும், சுற்றியுள்ள வெளி முழுவதும் கருஞ்சாம்பல் நிறம் படிந்து, சிறு குழிகளுடன் சொரசொரப்பாக இருக்கிறது.

இது உலோகத்தின் குறையா, கரைசலின் குறையா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டும். இதைவிடச் சாந்தமான கரைசல் சேலத்திலோ ஏற்காட்டிலோ எளிதாகக் கிடைக்குமா என்பதும் தெரிந்தால் நன்று.

ஓம்விதி (சேலம், அழகாபுரம்) எழுதியது:

இரண்டிலும் பங்கு உண்டு. ஆனால் முதலில் மாற்ற வேண்டியது உங்கள் படத்தைத்தான் என்பேன்.

இத்தகைய பெட்டிகள் தூய அலுமினியத்தால் ஆனவை அல்ல. அச்சுக்குள் உலோகக் குழம்பு தடையின்றி ஓடிப் பரவ வேண்டும் என்பதற்காக, வார்ப்புக் கலவையில் பெரும்பாலும் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கும் மேலாகச் சிலிக்கானும், அதோடு சிறிது செம்பும் சேர்க்கிறார்கள். அலுமினியம் கரையும்போது சிலிக்கான் கரையாமல் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. நீங்கள் கண்ட கருஞ்சாம்பல் படிவில் பெரும்பங்கு அதுதான். வார்ப்பின்போது உள்ளே சிக்கிய நுண்ணிய காற்றுக் குமிழிகளும் மேல்தோல் கரைந்தவுடன் குழிகளாக வெளிப்படுகின்றன. ஆகவே அகன்ற வெளி எதையும் இந்த உலோகத்தில் வழவழப்பாக அரித்தெடுக்க முடியாது. எந்தக் கரைசலை எடுத்தாலும் இதே நிலைதான்.

எனவே படத்தைத் தலைகீழாக்குங்கள். பின்புலம் முழுவதையும் டோனர் மறைத்திருக்கட்டும்; கோலத்தின் கோடுகள் மட்டும் வெறும் உலோகமாகத் திறந்திருக்கட்டும். அப்போது கோடுகள் பள்ளமாகும். பள்ளத்தின் அடி சொரசொரப்பாக இருந்தால் அது குறையே அல்ல, உள்ளே நிரப்பும் கறுப்பு எனாமல் இன்னும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். பூச்சு நன்றாகக் காய்ந்த பின், தட்டையான மரக்கட்டையில் சுற்றிய 600 எண் உப்புத்தாளால் நீர் விட்டுத் தேய்த்தால், மேல்தளத்தில் படிந்த பூச்சு நீங்கிக் கோடுகளில் மட்டும் கறுப்பு எஞ்சும்.

இந்த முறைக்கும் ஒரு விலை உண்டு. டோனரின் பரப்பு பெரிதாகும்போது அது எல்லா இடத்திலும் ஒரே சீராக ஒட்டுவதில்லை. ஊசிமுனை அளவிலான துளைகள் விட்டுப்போகும். தாளை நீரில் ஊறவைத்து உரித்த பிறகு, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு துளையையும் நகப்பூச்சால் அடைக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தால் மேல்தளம் அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் ஆகிவிடும். டோனரை ஏற்றுவதற்கு முன் பெட்டியின் முகத்தை 400 எண் தாளால் ஒரே திசையில் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அதன்பின் விரல் படாமல் வைத்திருங்கள். பெட்டி இஸ்திரிப் பெட்டியின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், தாளை வைப்பதற்கு முன்பே உலோகத்தைச் சூடாக்கிக்கொள்வது நல்லது.

அரிப்பு கீழ்நோக்கி மட்டும் செல்லாது, பக்கவாட்டிலும் செல்லும். கோடுகள் நீங்கள் வரைந்ததைவிடச் சற்றே தடிக்கும். இரு கோடுகளுக்கு இடைப்பட்ட வெளி சுருங்கும். சிக்குக் கோலத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மூலைகளில் இது நன்றாகவே தெரியும். ஆகையால் புள்ளிகளின் இடைவெளியைத் தாராளமாக வையுங்கள். என் விருப்பத்தைச் சொல்லலாம் என்றால், பெடலின் ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ்கள் வரவேண்டிய இடங்களையே கோலத்தின் புள்ளிகளாக வைத்து, கம்பிகள் அவற்றைச் சுற்றி வளைந்து செல்லுமாறு வரைவேன். படத்தை முடித்துவிட்டு அதன் நடுவே துளையிடும் பெட்டிகளை நிறையவே பார்த்துவிட்டோம்.

காப்பித்தோட்டம் (நாகலூர்) எழுதியது:

ஓம்விதி ஐயா படத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கரைசலைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஃபெர்ரிக் குளோரைடு செம்புக்கு ஏற்றது; அலுமினியத்துக்கு அது மிகையான வேகம். நீர் கலந்து மிகவும் நீர்க்கச் செய்தாலொழிய சூடு கட்டுக்குள் நிற்காது, அந்தச் சூடுதான் டோனரைத் தூக்குகிறது.

உங்கள் ஊரிலேயே மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கிடைக்கும். காப்பிச் செடியின் இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை அடிப்பதற்காகத் தோட்டக்காரர்கள் வாங்கும் அதே நீலப் படிகந்தான். உரக்கடையில் கேட்டாலே கொடுப்பார்கள். ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் மயில்துத்தமும் 50 கிராம் சமையல் உப்பும் போட்டுக் கரைத்தால் போதும். உப்பு கட்டாயம் வேண்டும். அலுமினியத்தின்மேல் இயல்பாகவே படர்ந்திருக்கும் ஆக்சைடு படலத்தை உப்பிலுள்ள குளோரைடுதான் உடைக்கிறது. அது இல்லாமல் மயில்துத்தத்தில் மட்டும் ஊறப்போட்டால் பெட்டி பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.

கரைசல் வேலை செய்யத் தொடங்கியதும் அலுமினியம் கரைந்து, அதற்கு ஈடாகச் செம்பு சிவந்த சேறாகப் படியும். அந்தச் சேறு பள்ளத்தை அடைத்துக்கொண்டால் அரிப்பு ஏறுமாறாகும் என்பதால், மென்மையான ஓவியத் தூரிகையால் அதை அவ்வப்போது தள்ளிவிட வேண்டும். இதிலும் சூடு உண்டாகும். பெட்டியை ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசி, மீண்டும் முக்குவது பாதுகாப்பான வழி. முகம் தவிர மற்ற பக்கங்களையும் உட்புறத்தையும் நாடாவால் முழுமையாக மூடிவிடுங்கள். பாத்திரம் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். ஹைட்ரஜன் குமிழிகள் எழுவதால் கதவு, சன்னல்களைத் திறந்துவைத்து, அருகில் அடுப்போ விளக்கோ எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

மிஞ்சிய கரைசலைக் கழுவுநீர்த் தொட்டியிலும் ஓடையிலும் ஊற்ற வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். செம்பு மீனுக்கு நஞ்சு. மலையில் ஊற்றுவது எதுவானாலும் கீழே இருப்பவர்களின் நீரில்தான் போய்ச் சேரும். நீலம் முற்றிலும் மறையும்வரை அலுமினியத் தகட்டுத் துண்டுகளைப் போட்டு வைத்தால் செம்பு பெரும்பாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். அதன்பின் சிறிது சுண்ணாம்பு சேர்த்து, தெளிந்த நீரையும் வண்டலையும் தனித்தனியே எடுத்து, வண்டலை உலர்த்தி ஒரு டப்பாவில் அடைத்து வைக்கலாம்.

சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. அந்த மலையின் மேல் உட்கார்ந்துகொண்டு அலுமினியத்தில் கோலம் போடுகிறீர்கள் என்பது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை) எழுதியது:

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று ஒரு கேள்வியை வைக்கிறேன். நகரில் லேசர் பொறிப்பு செய்து தருவோர் இருக்கிறார்கள். ஆனால் எந்த லேசர் என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். அக்ரிலிக் பெயர்ப்பலகையும் மரமும் வெட்டும் கார்பன் டை ஆக்சைடு லேசர் வெற்று அலுமினியத்தில் பதியாது. பவுடர் பூச்சு அடித்த பெட்டியைக் கொடுத்தால் அது பூச்சை மட்டும் எரித்து நீக்கி, அடியிலுள்ள உலோகத்தைக் கோடாகக் காட்டும், அதுவும் அழகுதான். வெற்று உலோகத்தில் நேரடியாகப் பொறிக்க ஃபைபர் லேசர் வேண்டும்.

எனினும் அந்தக் கோடு ஆழமாக இராது. விரலால் தடவினால் தெரியும் பள்ளம் வேண்டும் என்றால் பலமுறை ஓட்ட வேண்டும், கூலியும் கூடும். காலால் மிதிபடும் பொருளுக்குக் கரைசலில் அரித்த கோடே நெடுநாள் உழைக்கும் என்பது என் எண்ணம். எந்த வழியில் செய்தாலும், பொறித்த பின் முகத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றாதீர்கள். மெருகுச் சக்கரம் பள்ளத்தின் விளிம்புகளை மழுக்கிவிடும். வெள்ளியிலும் நாங்கள் முதலில் மெருகேற்றிவிட்டுப் பிறகுதான் வெட்டுக்கோடு போடுகிறோம்.

மலைத்தந்தி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கரைசல் வழியையே தேர்ந்துகொள்கிறேன். குமிழ்களைப் புள்ளிகளாக வைத்து மறுபடியும் வரையத் தொடங்கிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். துளைகளை அரிப்பதற்கு முன் இடுவதா, பின் இடுவதா? மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு இங்கே பனிமூட்ட நாட்களில் பால்போல் வெளுத்துவிடுகிறது. அதற்கு வழி உண்டா?

ஓம்விதி எழுதியது:

துளைகளைப் பின்னரே இடுங்கள். முன்பே இட்டால் அவற்றின் விளிம்புகளையும் கரைசல் தின்றுவிடும். டோனர்த் தாளும் துளைமேல் தொய்ந்து கிழியும். ஆனால் மையப் புள்ளிகளைப் படத்திலேயே சிறு வட்டங்களாகத் திறந்து வைத்தால், அவையும் லேசாக அரிபட்டுத் துளைக்கருவியின் முனை வழுக்காமல் நிற்க இடம் கொடுக்கும். மிதி சுவிட்சுக்கு 12 மில்லிமீட்டர், குமிழ்களுக்குப் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். படிப்படியாக அகலும் கூம்புத் துளைக்கருவி இருந்தால் மெல்லிய உலோகத்தில் விளிம்பு கிழியாது. முகத்தின்மேல் நாடா ஒட்டிக்கொண்டு துளையிடுங்கள்.

பூச்சு வெளுப்பதற்குக் காற்றின் ஈரமே காரணம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் அதன்மேல் படிந்துவிடுகிறது. பெட்டியை வெதுவெதுப்பாகச் சூடாக்கிக்கொண்டு மெல்லிய படலங்களாக அடித்தால் ஓரளவு தப்பலாம். மூட்டம் இருக்கும் நாளில் அதுவும் போதாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட நண்பகலில் அடியுங்கள், இல்லையேல் மலை இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுவந்து அடியுங்கள்.

கடைசியாக மின்சாரம் பற்றி ஒரு சொல். பூச்சைப் பெட்டியின் உட்புறத்திலும், மூடி வந்து பொருந்தும் விளிம்பிலும் படவிடாதீர்கள். ஒலிச்செருகியின் உறை வழியாகப் பெட்டி முழுவதும் தரையிணைப்பில் இருந்தால்தான் இரைச்சலைத் தடுக்கும். அதே காரணத்தால், 9 வோல்ட் மின்செருகிக்கு உலோகக் கழுத்துடையதை வாங்க வேண்டாம். பெரும்பாலான பெடல் மின்வழங்கிகளில் நடு ஊசி எதிர்மின்முனை, வெளிவளையம் நேர்மின்முனை. உலோகக் கழுத்து பெட்டியைத் தொட்டால் அங்கேயே குறுக்குச்சுற்று ஏற்படும். பிளாஸ்டிக் கழுத்துடைய செருகியைக் கேட்டு வாங்கி, முதன்முறை மின்சாரம் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டரால் அந்த வளையத்துக்கும் பெட்டிக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.