ருமேனியக் கிளைப் பாதைகளில் டீசல் எஞ்சின்கள்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

டிமிஷ்வாராவாசி

வேலைக்காக ருமேனியா வந்து மூன்று வருடம் ஆகிறது. போன அக்டோபரில்தான் ஒராவிட்சா – அனினா பாதையில் போக வாய்த்தது. எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. இங்கே யாராவது போயிருந்தால் உங்கள் கதையையும் சேர்த்துவிடுங்கள்.

அனினாவில் நிலக்கரி இருந்தது. அதை டான்யூப் ஆற்றுக் கப்பல்களுக்குக் கொண்டுபோக ஒராவிட்சாவிலிருந்து பசியாஷ் துறைமுகத்துக்கு 1854-இலேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். அனினா மலை வரைக்கும் அதை நீட்டி முடித்தது 1863-இல். அப்போது இது ஆஸ்திரியர்களின் ஆட்சிப் பகுதி. தூரம் 33 கிலோமீட்டர் சொச்சம், ஏற்றம் சுமார் 340 மீட்டர், 14 சுரங்கங்கள், 10 பாலங்கள். இவ்வளவுக்கும் ரயில் எடுத்துக்கொள்வது இரண்டு மணி நேரம். நிலக்கரிச் சுரங்கத்தை 2006-இல் மூடிவிட்டார்கள், ரயில் மட்டும் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

இழுத்தது எல்.டி.எச். 1250 வகை எஞ்சின். நான்கு அச்சு, 1250 குதிரைத்திறன். ஓட்டுநர் அறை நடுவில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கும், ஒரு பக்கம் நீள மூக்கு, மறுபக்கம் குட்டை மூக்கு. புக்கரெஸ்டில் '23 ஆகஸ்ட்' என்ற தொழிற்சாலையில் செய்தது. 1944-இல் ருமேனியா ஹிட்லரின் அணியை விட்டு விலகிய நாள் அது. ஆலைக்கு அதற்கு முன் மலாக்ஸா என்று பெயர், இப்போது ஃபௌர். ஆட்சி மாறினால் தெருப் பெயரோடு ஆலைப் பெயரும் மாறும் ஊர்.

பின்னால் இரண்டே சின்னப் பெட்டிகள், உள்ளே மர பெஞ்சு. ஜிட்டின் தாண்டி பீச் மரக் காடு. முந்தின இரவு மழை பெய்திருந்தது, தண்டவாளம் முழுக்க ஈரச் சருகு. ஒரு வளைவில் ஏறும்போது எஞ்சின் சத்தம் திடீரென்று உச்சத்துக்குப் போனது, ரயில் மட்டும் நகரவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன், எல்லாச் சக்கரமும் ஒரே நேரத்தில் வழுக்கிக்கொண்டிருந்தன. நிறுத்திவிட்டார்கள். ஓட்டுநர் பெரிய ஸ்பேனரோடு கீழே இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் இருந்த ஒரு குழாயை டங், டங் என்று அடித்தார். ஐந்தாறு அடி இருக்கும். பிறகு ஏறிப் போய் ஏதோ செய்தார், ரயில் மெதுவாகக் கிளம்பியது. பக்கத்தில் இருந்த பாட்டி பையிலிருந்து ஆப்பிள் எடுத்துக் கடிக்கத் தொடங்கினார். எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஓய்வுபெற்ற லோகோ பைலட்

தம்பி, அது சாண்ட் பைப். சக்கரத்துக்கு அடியில் மணல் தூவுகிற குழாய். மணல் ஈரம் பிடித்தால் உள்ளே கட்டிக்கொள்ளும், அடித்தால்தான் இறங்கும். எந்த நாட்டு எஞ்சினாக இருந்தாலும் வைத்தியம் இதுதான்.

எல்லாச் சக்கரமும் ஒன்றாக வழுக்கியது என்று கவனித்திருக்கிறீர்கள் பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. இது டீசல் ஹைட்ராலிக். சாதாரண டீசல் எலெக்ட்ரிக்கில் எஞ்சின் மின்சாரம் உண்டாக்கி ஒவ்வொரு அச்சிலும் உள்ள மோட்டாருக்குத் தரும். ஒரு சக்கரம் தனியாக வழுக்கலாம். ஹைட்ராலிக்கில் எஞ்சின் ஒரு விசிறிச் சக்கரத்தைச் சுழற்றி எண்ணெயை வீசும், அந்த எண்ணெய் எதிரே உள்ள இன்னொரு விசிறிச் சக்கரத்தைச் சுழற்றும், அங்கிருந்து தண்டுகள் வழியாக நான்கு அச்சுக்கும் போகும். நாலும் கோத்த மாடு மாதிரி. ஒன்றுக்கு மட்டும் கால் வழுக்காது. வழுக்கினால் நாலுக்கும் சேர்ந்துதான்.

மலைக்கு இது ஒத்துவரும். மெதுவாக, முழுச் சுமையோடு, நெடுநேரம் ஏறினால் மோட்டாரில் சூடு ஏறி எரிந்துபோகிற பயம் இருக்கும். இங்கே சூடாவது எண்ணெய்தான், அதைக் குளிரவைத்துக்கொள்ளலாம். நான் நம் இந்திய ரயில்வேயின் டபிள்யூ.டி.எஸ்.4 ஷண்டர் (யார்டில் பெட்டிகளை நகர்த்துகிற எஞ்சின்) ஓட்டியிருக்கிறேன், அதுவும் ஹைட்ராலிக்தான். தொடங்கும்போது 'உம்ம்ம்' என்று ஒரு முனகல் வரும், கேட்டீர்களா?

ப்ரஷோவ் பொடியன்

அண்ணை, அந்த முனகல் எங்கட பக்கம் இல்லை. நான் ப்ரஷோவில் வேலை, வீடு சர்னெஷ்டியில். தினமும் கோச்சியில்தான் (ரயிலைத்தான் சொல்கிறேன்). எஞ்சின் தனியாக இல்லை, பெட்டிக்குள்ளேயே எஞ்சின் இருக்கிற ரயில்கார், இங்கே 'ஆட்டோமோட்டோர்' என்பார்கள். பிரான்சில் அறுபதுகளில் செய்து, அங்கே ஓடிக் களைத்து, செகண்ட் ஹாண்டாக வந்தவை. கியர் மாற்றுகிறபோது பழைய பஸ் போலவே ஒருமுறை தளர்ந்து, பிறகு முதுகில் தள்ளும். நின்றுகொண்டு போகிறவர்கள் அந்தத் தள்ளலுக்கு முன்பே கம்பியைப் பிடித்துவிடுவார்கள். முதல் நாள் எனக்குத் தெரியாது, ஒரு மனிசியின் மடியில் போய் விழுந்தேன்.

பகிடி என்னவென்றால், ஊரில், இலங்கையில், நான் ரொமேனியாவில் செய்த பெட்டியில் போய்வந்தவன். ரொமேனியாவுக்கு வந்து பிரெஞ்சுப் பெட்டியில் போகிறேன்.

இன்னொன்று. டிக்கெட் பரிசோதிக்கிறவரை இங்கே பேச்சுவழக்கில் 'நாஷ்' என்பார்கள். ஞானத் தகப்பன் என்று அர்த்தம். டிக்கெட் எடுக்காமல் ஏறி, கையில் கொஞ்சம் காசு வைத்தால் காப்பாற்றுகிற தகப்பன் என்று பழைய ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

சுற்றுவதே வேலை

ஒராவிட்சா போனதில்லை. ஆனால் வடக்கே விஷேவு டே சுஸ் போயிருக்கிறேன். உக்ரைன் எல்லையை ஒட்டி, வாசர் ஆற்றோரம் 760 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வனப் பாதை. எல்லாரும் அங்கே நீராவி எஞ்சினைப் பார்க்கத்தான் போவார்கள், 'மொக்கனிட்சா' என்று செல்லப் பெயர் வேறு. நானும் அதற்குத்தான் போனேன். காலையில் நிலையத்தில் நிற்கும்போது எல்.45.எச். என்று ஒரு குட்டி டீசல், காலி மர வண்டிகளை இழுத்துக்கொண்டு கடந்து போனது. ஒருவர்கூட கேமராவைத் தூக்கவில்லை. சாயங்காலம் அதே டீசல் தடி மரங்களை ஏற்றிக்கொண்டு, பிரேக்கை அழுத்தி அழுத்தி இறங்கி வந்தது. கடைசி வண்டியில் மரத்துண்டுகள் மேல் ஒருவர் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அதுவும் உங்கள் '23 ஆகஸ்ட்' ஆலைச் சரக்குதான். நீராவி டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு வீண் என்று சொல்லமாட்டேன், ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த சிகரெட்காரர்தான்.

ஒரு சந்தேகம். ருமேனியாவில் எங்கே பார்த்தாலும் ஆறு அச்சு சூல்சர் டீசல் நிற்கிறதே, கிராயோவாவில் செய்தது, அதை ஏன் அனினாவுக்கு அனுப்பவில்லை?

டிமிஷ்வாராவாசி

வளைவு. அனினா பாதையில் சில இடத்தில் ஆரம் 114 மீட்டர்தான். அந்த எஞ்சின் 116 டன் கிட்ட, ஒவ்வொரு போகியிலும் (எஞ்சினுக்கு அடியில் உள்ள சக்கரத் தொகுதி) மூன்று அச்சு. அங்கே திரும்பாது, திரும்பினாலும் தண்டவாளத்தைப் பெயர்த்துவிடும். 2100 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு இரண்டு பெட்டியை என்ன செய்வது?

ஐயா, முனகல் கேட்டேன். வீடியோவிலும் இருக்கிறது, ஸ்பேனர் சத்தத்துக்கு அப்புறம் வருகிறது. இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். ஓட்டுநர் குழாயை அடித்து முடித்ததும் கீழே விழுந்த மணலை ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்துவிட்டுக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். அது எதற்கு?

ஓய்வுபெற்ற லோகோ பைலட்

ஈரம் பார்த்திருப்பார். விரலில் ஒட்டினால் ஷெட்டில் மணலைச் சரியாகக் காயவைக்கவில்லை என்று அர்த்தம். முணுமுணுத்தது ஷெட்காரனைத் திட்டியதாகத்தான் இருக்கும்.