குல்மர்க்: ஆப் காட்டும் 40 செ.மீ. பனியை நம்பி டிக்கெட் போடலாமா?

மயூர்விஹார்வாசி:
பிள்ளைகள் இருவரும் இங்கே டெல்லியில் டி.டி.இ.ஏ. (டெல்லி தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளியில் படிக்கிறார்கள், குளிர்கால விடுமுறை ஜனவரி 1 முதல் 15 வரை. அதற்குள் காஷ்மீரில் இருக்கிற குல்மர்க் போய் ஸ்கீயிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. என் பிரச்சினை இதுதான். திங்கட்கிழமை ஆப்பைத் திறந்தால் 9ஆம் தேதி 40 செ.மீ. பனி என்றது, புதன்கிழமை அது 12 ஆகிவிட்டது, இன்று காலை பார்த்தால் அந்த நாளில் வெறும் சூரியன் படம். இன்னொரு ஆப் அதே நாளுக்கு 25 என்கிறது. ஸ்ரீநகர் விமானக் கட்டணம் தினமும் ஏறுகிறது, யாரை நம்பிப் பணம் கட்டுவது? பேசாமல் காரில் உத்தராகண்ட் பக்கம் அவுலிக்குப் போய்விடலாமா என்றும் ஒரு யோசனை.

கரோல்பாக்_கண்ணன்:
ஒரு வாரத்துக்கு அப்பால் சென்டிமீட்டர் கணக்கு சொல்கிற எந்த ஆப்பையும் நம்பாதீர்கள் சார். பெரும்பாலான ஆப்கள் தாங்களாக எதையும் கணிப்பதில்லை, அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்கிற கணினி வானிலை மாடலோ ஐரோப்பிய மாடலோ தருவதை எடுத்துப் படம் போடுகின்றன. ஜிஎஃப்எஸ் தினமும் நான்கு முறை ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் தூரத்து நாட்களின் எண் மாறத்தான் செய்யும். நம் பக்கத்து மலைகளுக்குக் குளிர்காலத்தில் பனி கொண்டுவருவது வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் என்கிற மழை மேகச் சுழற்சி, மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வருவது. நீங்கள் திங்கட்கிழமை பார்த்த அந்த 40 செ.மீ.யைக் கொட்ட வேண்டியது அன்றைக்கு உருவாகியே இருக்காது.

சென்டிமீட்டரை விட்டுவிட்டு ஃப்ரீஸிங் லெவல் என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள், வெப்பநிலை 0 டிகிரி ஆகிற உயரம் அது. குல்மர்க் ஊர் சுமார் 2650 மீட்டர், கோண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் போய் நிற்கிற அஃபர்வத் 3900 மீட்டருக்கும் மேலே. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தால் கீழே +2 இருக்கும்போது மேலே மைனஸ் 6 வரும். ஒரே மேகம் மேலே நல்ல பவுடர் பனியும் கீழே மழையும் கொடுக்கும். ஆப் எந்த உயரத்துக்கு எண் சொல்கிறது என்று பார்த்தீர்களா? உங்கள் இரண்டு ஆப்பும் சண்டை போடுவதற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். அப்புறம் 1 மி.மீ. தண்ணீருக்கு 1 செ.மீ. பனி என்பது தோராயக் கணக்குதான், கடுங்குளிரில் அதற்கு மேலே நிற்கும், 0 டிகிரிக்குப் பக்கத்தில் ஈரப்பனியாக விழுந்து பாதிதான் தேறும்.

ஸ்ரீநகர் வானிலை மையம் சொல்வதையும் படியுங்கள். அவர்கள் பெரும்பாலும் சென்டிமீட்டருக்குள் போவதில்லை, உயரமான பகுதிகளில் மிதமான பனி என்கிற மாதிரிதான் சொல்வார்கள், எனக்கு அது நேர்மையாகவே படுகிறது.

துவாரகா_அக்கா:
தம்பி, பிள்ளைகள் முதல் தடவை ஸ்கீ கட்டப் போகிறார்கள், அவர்களுக்கு எதற்கு 40 செ.மீ. புதுப்பனி? முழங்கால் வரை புதைந்தால் எழுந்திருக்கவே முடியாமல் அழுவார்கள். கற்றுக்கொள்கிற சரிவுகள் கீழே ஊரை ஒட்டித்தான் இருக்கின்றன, அங்கே மூடின பனி அமுங்கிக் கிடக்கிறதா என்பதுதான் கேள்வி. புதிதாக எவ்வளவு விழும் என்பதை விட ஏற்கெனவே எவ்வளவு கிடக்கிறது என்று பாருங்கள். தங்கப்போகிற ஓட்டல்காரரிடம் இன்று காலை ஜன்னல் வழியாக ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய வீடியோ அனுப்புகிறவர்களும் உண்டு, அதனால் வீடியோ காலே மேல்.

ஒரே நாளில் பனி எவ்வளவு மாறும் என்பதும் தெரிந்திருக்கட்டும். காலையில் சரிவு கண்ணாடி மாதிரி இறுகி ஸ்கீயின் விளிம்பு கரகரவென்று சத்தம் போடும், பதினோரு மணி வாக்கில் பனியின் மேற்பரப்பு இளகி அருமையாக இருக்கும், மதியம் வெயில் பட்ட இடமெல்லாம் நொசநொசத்துக் காலைப் பிடித்து இழுக்கும். நிழலான வடக்குச் சரிவில் அதே நேரம் பொடியாகவே இருக்கும். பிள்ளைகளுக்குப் பத்தரை முதல் ஒரு மணி வரை பயிற்சி வையுங்கள், போதும்.

பெரிய பனி விழுந்த மறுநாள் இரண்டாம் கட்ட கோண்டோலா ஓடும் என்றும் எண்ணாதீர்கள். காற்று அடித்தால் நிறுத்துவார்கள், பனிச்சரிவு அபாயம் இருந்தாலும் ஸ்கீ பேட்ரோல் என்கிற பாதுகாப்புக் குழு சரிவைப் பார்த்து முடிக்கும் வரை திறக்க மாட்டார்கள்.

ஆர்கேபுரம்_2650:
அக்கா சொல்வது சரி, ஆனால் ஜனவரி முதல் பாதி என்பதே எனக்கு இடிக்கிறது. டிசம்பர் 21இல் சில்லை கலான் தொடங்கிவிடுமே, நாற்பது நாள் கடுங்குளிராச்சே என்பார்கள். குளிர் இருக்கும், பனி இருக்கும் என்று யார் சொன்னது? 2024 ஜனவரியில் குல்மர்க் பழுப்பு மைதானமாகக் கிடந்த படம் நாடு முழுக்கச் சுற்றியது, மாதக் கடைசியில்தான் உருப்படியாக விழுந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 22இல் அஃபர்வத்தில் பனிச்சரிவு, ரஷ்யர் ஒருவர் இறந்தார். மெல்லிய பழைய பனி பல நாள் குளிரில் கிடந்தால் சர்க்கரை மாதிரி உதிரியாகிவிடும், அதன் மேல் ஒரேயடியாகக் கொட்டுவது பிடிப்பில்லாமல் நிற்கும். வறண்ட சீசன் என்றால் ஆபத்தில்லாத சீசன் என்று நினைக்கக் கூடாது. 2025இல் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டியே குல்மர்க்கில் பனி இல்லாமல் மார்ச் 9க்குத் தள்ளிப்போனது.

அதனால் பள்ளியில் நான்கு நாள் லீவு கேட்டுவிட்டு பிப்ரவரி நடுவில் போங்கள். அவுலி வேண்டாம் என்பேன், சரிவுகள் 2500 முதல் 3050 மீட்டருக்குள்தான், டெல்லியிலிருந்து ரோட்டில் போகவே இரண்டு நாள். ஜோஷிமட்டிலிருந்து அவுலிக்குப் போகிற ரோப்வே 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் புதைந்தபோது நிறுத்தியது, ஓடுகிறதா என்று விசாரிக்காமல் கிளம்பாதீர்கள்.

மயூர்விஹார்வாசி:
நன்றி அக்கா, நன்றி நண்பர்களே. பிப்ரவரி என்றால் பெரியவளுக்குப் பரீட்சை. தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக ஜனவரி 10க்குப் போட்டு, நான்கு நாள் முன்னால் முடிவு செய்தால் சரியா?

கரோல்பாக்_கண்ணன்:
நான்கு நாள் போதும், அதற்குள் இரண்டு மாடலும் ஒரே பேச்சுக்கு வந்துவிடும். வராவிட்டால் தேதியை மாற்றுங்கள். காலை விமானம் வேண்டாம், ஜனவரியில் இங்கே மூடுபனி, டெல்லி ஏர்போர்ட்டிலேயே மதியம் ஆகிவிடும்.

துவாரகா_அக்கா:
அடிவாரத்தில் இருக்கிற டங்மர்க்கிலிருந்து மேலே குல்மர்க்குக்கு 13 கி.மீ., பனி விழுந்திருந்தால் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டின வண்டியோ ஃபோர் வீல் டிரைவோதான் போகும். டாக்சி வாடகையை அதையும் சேர்த்து ஸ்ரீநகரிலேயே பேசிவிடுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, வீட்டில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.