மாடியில் 3 மழைக்காலம் நனைந்த அப்பாவின் தேக்கு பார் மேசை: மெஷின் போடலாமா?

முத்தியால்பேட்டைக்காரன்:
அப்பா 1978-ல் புதுச்சேரியில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய மர பார் இது. 5 அடி நீளம். முன்பலகை முழுக்கத் திராட்சைக்கொடி செதுக்கல், கீழே கால் வைக்கப் பித்தளைக் குழாய். அப்பா அதில் குடித்ததைவிட அதைத் துடைத்ததுதான் அதிகம். அவர் போனபிறகு, "என் கண்ணில் படக்கூடாது" என்று அம்மா அதை மாடிக் கொட்டகைக்கு ஏற்றிவிட்டார். கடற்காற்று வேறு. இப்போது மரம் சாம்பல் பூத்துவிட்டது, ஆணிகளைச் சுற்றிக் கறுப்புக் கறை. வந்து பார்த்த ஆசாரி, "மெஷின் போட்டு இழைச்சு பெயிண்ட் அடிச்சிடலாம்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

உளிச்சத்தம்:
மெஷினை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். விளிம்பு மழுங்கினால் திராட்சை பட்டாணி ஆகிவிடும். சாம்பல் நிறம் வெயிலும் மழையும் செய்த வேலை, மேல்தோலோடு சரி.

முதலில் பழைய பூச்சு எது என்று பாருங்கள். பின்பக்க ஓரத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். தின்னருக்குத்தான் கரைகிறது என்றால் லாக்கர் (lacquer) பூச்சு. அரக்காக இருந்தால் அதிர்ஷ்டம்: அதை எடுக்க ஸ்பிரிட், பழைய பல் பிரஷ், மூங்கில் குச்சி போதும்.

கறுப்புக் கறை உப்புத்தாளுக்கு மசியாது. ஆணியின் இரும்பு மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து உள்ளே இறங்கியிருக்கும். ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவி, பிறகு நல்ல தண்ணீரால் நாலைந்து தடவை துடைத்தெடுங்கள். கையுறை கட்டாயம். காய்ந்த பொடியைத் தேய்த்து மூக்கில் ஏற்றிக்கொள்ளாதீர்கள், விஷம்.

மரப்பித்து:
ஒரு வேடிக்கை. அரக்கு சாராயத்தில் கரையும். பழையபடி அதையே மேற்பலகைக்கும் போட்டால் முதல் கிளாஸ் சிந்தும்போதே பாலிஷ் போய்விடும். செதுக்கலுக்கு அரக்கு, மேற்பலகைக்குச் சாராயத்தில் கரையாத பாலியூரித்தேன் வார்னிஷ். ஐப்பசி அடைமழையில் மட்டும் வேண்டாம், ஈரக்காற்றில் அரக்கு வெள்ளையாகப் பூக்கும். தை பிறக்கட்டும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், அது தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

முத்தியால்பேட்டைக்காரன்:
அரக்குதான்! ஒரு குலையைச் சுத்தம் செய்ய இரண்டரை மணி நேரம். உள்ளே தேன் நிறம். இன்னும் 26 குலை பாக்கி. அம்மா படியில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மூன்று பழைய பல் பிரஷைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சரி, பித்தளைக் குழாய்க்குப் புளி போதுமா?

உளிச்சத்தம்:
தாராளமாக. ஆனால் கழற்றிவைத்துத் தேயுங்கள், புளித்தண்ணீர் மரத்தில் பட வேண்டாம்.