பெரிய கோல்ஃப் போட்டி நடக்கிற கோர்ஸுக்குப் பக்கத்துல நீங்க ஆடின கோர்ஸ் எது? குமரி மாவட்டக்காரங்க அனுபவம்

நாஞ்சிலான், வடசேரி

நம்ம மாவட்டத்துல 18 ஹோல் (பந்தைப் போடுற குழி) உள்ள கோல்ஃப் கோர்ஸ் ஒண்ணுகூடக் கிடையாது. கிட்டக்க உள்ளது திருவனந்தபுரம் கவடியார்ல இருக்கிற ஒன்பது ஹோல் கோர்ஸ்தான். ஆனாலும் ஊர்க்காரன் கோல்ஃப் ஆடாம ஒண்ணும் இல்ல. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவன், கரண்டு எடுக்கிற காத்தாடி கம்பெனி அனுப்பி வெளிநாடு போனவன், மகன் வீட்டுக்கு அமெரிக்கா போன ரிட்டயர்டு வாத்தியாரு, இப்படி ஆளுக்கொரு இடத்துல கோல்ஃப் கோலைத் தொட்டுட்டு வந்திருக்காங்க.

டிவியில காட்டுற கோர்ஸ்ல ஆடணும்னா ஒண்ணு மெம்பரா இருக்கணும், இல்ல ஒரு மாசச் சம்பளத்தைத் தூக்கிக் குடுக்கணும். ஆனா அதுக்குப் பக்கத்துலயே, அதே மண்ணு அதே காத்துல, நம்ம மாதிரி ஆளையும் உள்ள விடுற கோர்ஸ் ஒண்ணு எங்கயும் இருக்கும். அதைப் பத்தி எழுதுங்க. "டிவியில பாத்தேன்" வேண்டாம், ஆடினதை மட்டும்.

நானே தொடங்குதேன். 2025 அக்டோபர்ல டெல்லி கோல்ஃப் கிளப்புல டிபி வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப் நடந்துச்சு. ரோரி மெக்கில்ராய் வந்திருந்தாரு, ஜெயிச்சது டாமி ஃபிளீட்வுட். வேடிக்கை பாக்கப் போனவங்கள்ல நானும் ஒருத்தன். ஃபேர்வே, அதாவது பந்து போகவேண்டிய புல்லுப் பாதை, ரெண்டு பக்கமும் புதரு, பந்து உள்ள போச்சுன்னா போனதுதான். இந்த வாரம் தூரமா அடிக்கிற டிரைவர் கோலைத் தொடவே மாட்டேன்னு மெக்கில்ராயே சொல்லிட்டாரு. நடுநடுவுல பழைய கல்லறைக் கட்டடம், அதுமேல மயிலு. பாக்க அவ்வளவு அழகு. ஆடணும்னா மெம்பர் யாராச்சும் கூட்டிட்டுப் போகணும்.

மறுநாள் நான் போனது லாடோ சராய்ல டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) நடத்துற குதுப் கோர்ஸ். 18 ஹோல். இந்தியாவுல பொதுமக்களுக்குன்னு திறந்த முதல் கோர்ஸ்னு சொல்லுவாங்க. காசு கட்டினா யாரும் ஆடலாம். பை தூக்க கேடியா வந்த பையன் ஒரு டீயில (முதல் அடி அடிக்கிற இடத்துல) நின்னு, "சார், மினாரோட இடது ஓரத்தைப் பாத்து அடிங்க"ன்னான். தூரத்துல குதுப் மினார் நிக்கி. எண்ணூறு வருஷத்துக் கோபுரத்தைக் குறியா வச்சு அடிக்கிற பாக்கியம் அந்தப் பெரிய கிளப்புக்காரங்களுக்குக் கிடையாது பாத்துக்கிடுங்க.

ஆரல் காத்து, ஆரல்வாய்மொழி

நமக்குத் தொழிலே காத்துதான். முப்பந்தல்ல காத்தாடி மெயின்டனன்ஸ் பாத்துட்டு இருந்தேன். பொறவு கம்பெனி ஸ்காட்லாந்துக்கு அனுப்பிச்சு, டண்டீ பக்கம் தங்கியிருந்தேன். அங்க இருந்து கொஞ்ச நேர ரயில் பயணத்துல கார்னூஸ்டி. அந்த ஊர்ல ஒரு ரயில்வே ஸ்டேஷன் பேரே 'கோல்ஃப் ஸ்ட்ரீட்'. நாளைக்கு விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் வண்டி நிக்கும்.

கார்னூஸ்டி சாம்பியன்ஷிப் கோர்ஸ்லதான் சில வருஷம் ஓபன் (பிரிட்டிஷ் ஓபன்னு சொல்லுற பெரிய போட்டி) நடக்கும். 1999, 2007, 2018 எல்லாம் அங்கதான். 1999 கதை தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன். ழான் வான் டி வெல்டேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு, கடைசி ஹோலுக்கு வரும்போது மத்தவங்களைவிட மூணு ஷாட் கம்மியா அடிச்சு முன்னால நிக்காரு. ஆறு ஷாட்ல முடிச்சாலே கப்பு அவருக்கு. பந்து பாரி பர்ன் ஓடையில விழுந்துட்டு. மனுஷன் ஷூவைக் கழத்திப் போட்டு, பேன்ட்டை மடிச்சுவிட்டுத் தண்ணிக்குள்ள எறங்கி நிக்காரு. அந்தப் பந்தைத் தண்ணிக்குள்ள இருந்தே அடிக்கலாமா வேண்டாமான்னு யோசனை. கடைசியில ஏழு ஆச்சு, சமமா வந்தவங்களுக்கு வச்ச பிளேஆஃப்ல பால் லாரி கப்பைத் தட்டிட்டுப் போயிட்டாரு.

அந்தக் கோர்ஸை ஒட்டியே பர்ன்சைடு, பட்டன்னு இன்னும் ரெண்டு கோர்ஸ் உண்டு. மூணையும் ஒரே நிர்வாகம்தான் நடத்துது. நான் ஆடினது பர்ன்சைடு. கட்டணம் பெரிய கோர்ஸைவிட ரொம்பக் கம்மி. ஆனா அதே ஓடை இதுக்குள்ளயும் வரும், கடலும் அதே கடல், காத்தும் அதே காத்து.

காத்தைப் பத்தி நான் கொஞ்சம் பேசிக்கிடுதேன், பொறுத்துக்கிடுங்க. நம்ம கணவாயில ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காத்து ஒரே திசையில, ஒரே மூச்சா வரும். எங்க எப்போ அடிக்கும்னு கண்ணை மூடிட்டுச் சொல்லலாம். கார்னூஸ்டிக் காத்து அப்படி இல்ல. முதல் ஒன்பது ஹோல் முதுகுல தள்ளும், கொஞ்ச நேரத்துல அப்படியே திரும்பி மூஞ்சியில அறையும். கூட ஆடினது அந்த ஊர்ப் பெரியவரு ஒருத்தரு. நான் செவன் அயன்ங்கிற கோலைத் தூக்கி உயரமா அடிச்சேன், பந்து போன வழியிலேயே பாதி தூரம் திரும்பி வந்துச்சு. அவரு சிரிக்கல. ஃபைவ் அயனை எடுத்து, பந்தைப் பின்கால் பக்கம் வச்சு, இடுப்பு உயரத்தோட ஸ்விங்கை நிறுத்திட்டாரு. பந்து ஆள் உயரம்கூட எழும்பாமப் போயி, தரையில குதிச்சு, உருண்டே குழி இருக்கிற கிரீன்ல ஏறிட்டு. அங்க தரை அவ்வளவு கெட்டி. அடியில மணலு, மேல மட்டமா வெட்டின புல்லு. நம்ம ஊரு மழைக்காலப் புல்லுல அந்த ஷாட் அடிச்சா பந்து பத்தடியில செத்துப்போகும்.

மஞ்சப் பூ பூத்துக் கிடக்கிற கோர்ஸ்னு (gorse) ஒரு முள்ளு அங்க எங்க பாத்தாலும் நிக்கும், நம்ம உடைமுள்ளு மாதிரி. தமிழ்ல எழுதினா ஆடுற கோர்ஸுக்கும் அந்த முள்ளுக்கும் ஒரே பேரு. கையை விட்டுப் பந்தை எடுக்கலாம்னு மட்டும் நினைச்சுராதீங்க.

பக்கத்து பாரி கிராமத்துல பான்மியூர்னு ஒரு கிளப் இருக்கு. 1953 ஓபனுக்கு வந்த அமெரிக்க ஆட்டக்காரரு பென் ஹோகன், கூட்டம் தொந்தரவு இல்லாம அங்க போயிப் பயிற்சி எடுத்தாரு. கார்னூஸ்டியில கப்பையும் ஜெயிச்சாரு. அவரு ஆடின ஒரே ஓபன் அதுதான். பான்மியூர்ல ஆறாவது ஹோலுக்கு அவரு பேரையே வச்சிருக்காங்க. பெரிய ஆளே பக்கத்துக் கோர்ஸ்லதான் தயாரானாரு, நமக்கு என்ன!

தக்கலைத் தம்பி

அண்ணே, ஹேண்டிகேப் (ஆட்டத் திறமைக் கணக்கு) சர்டிஃபிகேட் கேட்டாங்களா? நம்மகிட்ட அப்படி ஒண்ணும் கிடையாதே.

ஆரல் காத்து

பர்ன்சைடுல என்கிட்ட யாரும் கேக்கல தம்பி. முன்னால ஆடுறவங்களைக் காக்க வைக்காம ஆடினா போதும். ஸ்காட்லாந்துலேயே பேர் போன செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ்னா கண்டிப்பா கேப்பாங்க.

மார்த்தாண்டம் அக்கா

நான் நர்ஸ். டண்டீயில ரொம்ப வருஷமா இருக்கேன். ஆரல் அண்ணன் சொன்ன ஊரெல்லாம் எனக்கும் தெரியும், ஆனா கோல்ஃப் பக்கம் நான் வந்த வழி வேற.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ்ல ஞாயித்துக்கிழமை ஆட்டம் கிடையாது. ஊர் ஜனங்க நாயைக் கூட்டிக்கிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அதுமேலேயே நடப்பாங்க. அது ஊருக்குப் பொதுவான நிலம். சர்ச் முடிஞ்சு நாங்களும் போவோம். அந்தக் கோர்ஸ்ல உள்ள ஸ்வில்கன்ங்கிற பழைய கல் பாலத்துல நின்னு போட்டோ எடுக்காத மலையாளியோ தமிழனோ அந்தப் பக்கம் கிடையாது. முதல் ஹோலுக்கும் பதினெட்டாவது ஹோலுக்கும் குறுக்கே ஊர்ச் சாலை ஒண்ணு போகுது. வாரநாள்ல அதுல வண்டி வந்தா ஆடுறவங்க நின்னு வழிவிடணும். இவ்வளவு பேர் போன கோர்ஸ்ல இது எனக்கு எப்பவும் ஆச்சரியம்தான்.

அதுக்குப் பக்கத்துல 'ஹிமாலயாஸ்'னு ஒரு இடம் இருக்கு. மேடும் பள்ளமுமா ஒரு பெரிய புட்டிங் கிரீன், பந்தை உருட்டிக் குழியில போடுற இடம். 1867ல பெண்களுக்காக ஆரம்பிச்ச கிளப்போடது. அந்தக் காலத்துல பொண்ணுங்க கையைத் தோளுக்கு மேல தூக்கி ஸ்விங் பண்ணினா கௌரவக் குறைச்சல்னு இருந்துச்சு, அதனால புட்டிங் மட்டும் ஆடினாங்க. இப்போ யார் வேணும்னாலும் சின்னக் காசுக்கு ஆடலாம், புட்டரும் பந்தும் அங்கேயே தருவாங்க. எங்க அம்மா ஊர்ல இருந்து வந்தப்போ சேலையை இடுப்புல செருகிக்கிட்டு ஆடினாங்க. மேட்டுல ஏறின பந்து அப்படியே திரும்பி அவங்க காலடிக்கே வந்துருச்சு. "இது எனக்க பந்துதானா, இல்ல வேற யாருக்குள்ளதா?"ன்னு கேட்டாங்க. என் மகன் தரையில உக்காந்து சிரிச்சான்.

அங்கேயே பால்கோவ்னு ஒன்பது ஹோல் கோர்ஸும் உண்டு. பிள்ளைகளுக்கும் புதுசா ஆடுறவங்களுக்கும்னே உள்ளது. என் மகன் அங்கதான் ஆடப் படிச்சான். நானும் அங்கதான்.

குளச்சல் மைந்தன்

எல்லாரும் ஆடினதைச் சொல்லுதீங்க. நான் புல்லுக்குத் தண்ணி விட்டவன், அதையும் கேளுங்க.

துபாய்ல ஒரு கோர்ஸ்ல இரிகேஷன் சூப்பர்வைசரா இருந்தேன், எந்தக் கோர்ஸ்னு வேண்டாம். எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்போட மஜ்லிஸ் கோர்ஸ் 1988ல திறந்தது. மத்திய கிழக்குல முழுக்கப் புல்லால ஆன முதல் சாம்பியன்ஷிப் கோர்ஸ் அதுதான். மறு வருஷமே அங்க டெசர்ட் கிளாசிக் போட்டி தொடங்கியாச்சு. அதுக்கு முன்னால அங்க உள்ளவங்க மணல்லதான் ஆடினாங்க. கிரீனுக்குப் பதிலா எண்ணெய் ஊத்தி இறுக்கின மணலு, அதுக்குப் பேரு பிரவுன். கையில ஒரு துண்டுச் செயற்கைப் புல் பாயைக் கொண்டு நடப்பாங்க. பந்து எங்க விழுதோ அங்க பாயை விரிச்சு, அதுமேல வச்சு அடிக்கணும்.

இப்போ பாக்கிற பச்சை எல்லாம் சுத்திகரிச்ச கழிவுத் தண்ணியில வளர்றது. கோடையில பெர்முடா புல்லு தானா வளரும். குளிர்காலத்துக்கு அது பழுத்துப் போகும்னு, அக்டோபர் வாக்குல அதுமேல ரை புல்லு விதை தூவுவோம். முளைச்சு வர்ற வரை கோர்ஸை அடைச்சுப் போட்டு, தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா, பல தடவை விடணும். கூடினா விதை அரிச்சுட்டுப் போகும், குறைஞ்சா கருகிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் லைட்டோட ஒவ்வொரு ஸ்பிரிங்ளர் தலையையும் தொட்டுப் பாப்போம். ஒரு தலை அடைச்சுக்கிட்டா விடியும்போது வட்டமா மஞ்சள் தெரியும். போட்டி நேரத்துல அதைத்தான் கேமராக்காரன் முதல்ல பிடிப்பான். நீங்க டிவியில பாக்கிற பச்சைக்குப் பின்னால நம்ம பயலுவ தூக்கம் கிடக்கு மக்கா.

ஆடினதைக் கேக்கீங்கன்னா, நான் ஆடினது ராத்திரியில. துபாய் கிரீக் கிளப்புல விளக்கு போட்ட ஒன்பது ஹோல் பார் 3 கோர்ஸ் (ஒவ்வொரு ஹோலையும் மூணு அடியில முடிக்கணும்) உண்டு. அங்க உள்ள பெரிய கோர்ஸ்ல 1999லயும் 2000லயும் டெசர்ட் கிளாசிக்கே நடந்திருக்கு. டூட்டி முடிஞ்சு போனா சூடு கொஞ்சம் அடங்கியிருக்கும். மஜ்லிஸ் பக்கத்துல ஃபால்டோ கோர்ஸ்லயும் ராத்திரி ஆடலாம், அது 18 ஹோல். கையில காசு குறைவா இருந்தா ஜூலை, ஆகஸ்ட்ல போங்க. பெரிய கோர்ஸ்லகூடக் கட்டணம் பாதியா விழுந்து கிடக்கும். விழாம என்ன செய்யும், நாப்பத்தஞ்சு டிகிரியில எவன் ஆடுவான்?

ரிட்டயர்டு வாத்தியார், முட்டம்

அமெரிக்கா போன வாத்தியார்னு நாஞ்சிலான் எழுதியது என்னைத்தான் என்று நினைக்கிறேன்.

மகன் கலிஃபோர்னியாவில் இருக்கிறான். பெப்பிள் பீச் பார்க்கக் கூட்டிப் போனான். 2019 யுஎஸ் ஓபன் நடந்த இடம். ஒருமுறை ஆட 600 டாலருக்கு மேல் என்றான். "வேண்டாம் மக்கா, வெளியே நின்னு பாத்துட்டுப் போவோம்" என்றேன். அப்போதுதான் பசிபிக் குரோவ் பற்றிச் சொன்னான். சில மைல் தூரம்தான். நகரசபை நடத்தும் கோர்ஸ், கட்டணம் பல மடங்கு குறைவு.

பெப்பிள் பீச்சை வடிவமைத்த இருவரில் ஒருவர் ஜாக் நெவில். அவரேதான் பிற்பாடு பசிபிக் குரோவின் பின் ஒன்பது ஹோலையும் அமைத்தார். முதல் ஒன்பது ஹோல் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே போகிறது. மான்கள் ஃபேர்வேயில் படுத்துக்கிடக்கின்றன, பந்து பறந்தாலும் எழுவதில்லை. பின் ஒன்பது திடீரென்று மணல்மேட்டுக்குள், கடலோரத்துக்குப் போய்விடுகிறது. அங்கே 1855 முதல் எரியும் பாயின்ட் பினோஸ் கலங்கரை விளக்கம். பாறையில் அலை அடிக்கும் சத்தத்தில் முட்டத்தில் நிற்பதாகவே தோன்றியது. ஆனால் குளிர்! ஜூலை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆடினேன்.

எனக்கு ஆட்டம் அவ்வளவாக வராது. பார் 3 ஒன்றில் பந்து கிரீனில் நின்றுவிட்டது. மகன் அதைப் படம் எடுத்தான், புட்டிங்கைப் படம் எடுக்கவில்லை. நல்ல பிள்ளை.

கொடை ரோடு

எதுக்கு இவ்வளவு தூரம் போறீங்க? கொடைக்கானல் கோர்ஸ் 1895ல இருந்து இருக்கு. ஃபேர்வேயில காட்டெருமை வந்து நிக்கும், அது போற வரை நீங்க நிக்கணும். கொள்ளாம் சார்.

நாஞ்சிலான்

அது கொள்ளாம்தான், ஆனா பக்கத்துல எந்தப் பெரிய போட்டி நடக்கு? அதுக்குத் தனியா ஒரு இழை தொடங்குங்க.

அக்கா, 2027 ஓபன் செயின்ட் ஆண்ட்ரூஸ்ல. தக்கலைத் தம்பியும் நானும் போலாம்னு பேச்சு. பக்கத்துல எங்க ஆடலாம்?

மார்த்தாண்டம் அக்கா

கிரெய்ல் போங்க. செயின்ட் ஆண்ட்ரூஸ்ல இருந்து கடலோரமா பத்து மைல், பஸ் இருக்கு. அங்க பால்கோமி லிங்க்ஸ்னு ஒரு கோர்ஸ், அந்தக் காலத்துப் பேர் போன ஆட்டக்காரரு ஓல்டு டாம் மோரிஸ் 1895ல அமைச்சது. கிளப் 1786லேயே தொடங்கினது. எந்த ஹோல்ல நின்னாலும் கடல் தெரியும். ஓபன் வாரத்துல எல்லாரும் அதைத்தான் தேடுவாங்க, அதனால முந்தின வருஷமே நேரம் பதிஞ்சு வைங்க. செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் கிடையாது. லூக்கர்ஸ்ல எறங்கி பஸ் பிடிக்கணும். ரூம் டண்டீயில எடுங்க, விலை அங்க கொஞ்சம் தாங்கும்.

ஆரல் காத்து

குடை கொண்டு போகாதீங்க. கிரெய்ல் காத்துல ரெண்டாவது ஹோல் தாண்டாது. மழைக்குன்னு உள்ள பேன்ட் ஒண்ணு வாங்கிக்கிடுங்க.

தக்கலைத் தம்பி

பேன்ட் நாகர்கோவில்ல கிடைக்குமா அண்ணே, இல்ல அங்க போயி வாங்கணுமா?