மதியச் சாப்பாட்டு நேரத் தள்ளுமுள்ளு: தலைமை ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது?

ஊர்ப்பள்ளி வாத்தியார்:
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 1 முதல் 5 வரை 118 பிள்ளைகள்; என்னையும் சேர்த்து 4 ஆசிரியர்கள். வகுப்பில் பெரிய தொல்லை இல்லை. மதியம் கை கழுவப் போகும்போதுதான் தள்ளுமுள்ளு, அடிதடி. நான் வட்டார வள மையக் கூட்டத்துக்குப் போகிற நாளில் இன்னும் மோசம். "பிரம்பு போச்சு, பயமும் போச்சு" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். என்ன செய்யலாம்?

மணியோசை:
முதல்ல குழாயை எண்ணுங்க சார். தண்ணீர் வருகிற குழாய் 3 என்று வைத்துக்கொள்வோம். தட்டும் கையும் கழுவ ஒரு பிள்ளைக்கு 20 நொடி. 118 பேரும் முடிக்க 13 நிமிடம் ஆகும். மணி அடித்ததும் மொத்தப் பேரையும் திறந்துவிட்டால், கடைசியில் நிற்கிற பிள்ளை பசியோடு வெயிலில் 13 நிமிடம் நிற்கும். முன்னால் ஒருவன் ஈரத்தட்டை உதறுவான், பின்னால் நிற்பவள் முகத்தில் தெறிக்கும், அவள் தள்ளுவாள், நடுவில் நிற்கிற ஒண்ணாப்பு விழும். இதற்குப் பிள்ளையைத் திட்டி என்ன பயன்?

வகுப்புக்கு 3 நிமிட இடைவெளியில் அனுப்புங்கள், ஒன்றாம் வகுப்பு முதலில். வகுப்புக்குச் சுமார் 24 பேர்; அவர்களுக்கு 2 நிமிடம் 40 நொடி போதும். தன் முறை வரும்வரை மற்ற வகுப்புகள் உள்ளேயே உட்கார்ந்து வாய்ப்பாடோ பாட்டோ சொல்லட்டும். ஓர் ஆசிரியர் பரிமாறும் இடத்தில், இருவர் வகுப்புகளில். குழாயடி உங்கள் இடம். அந்த நேரத்தில் எமிஸ் (கல்வித்துறையின் இணையத் தளம்) பதிவு, போன் எதுவும் வேண்டாம். பத்துப் பள்ளி நாளாவது விடாமல் நில்லுங்கள். பலர் மூன்றாம் நாளே "சரியாயிடுச்சு" என்று அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். நாலாம் நாள் பழைய கதைதான்.

சாக்பீஸ்:
நீங்கள் இல்லாத நாளில் கெடுவதற்குக் காரணம் வேறு. "ஹெச்.எம். ரூமுக்கு அனுப்பிடுவேன்" என்று நாளெல்லாம் சொல்கிற பள்ளியில், ஹெச்.எம். இல்லாவிட்டால் அந்த மிரட்டலுக்கே அர்த்தம் இல்லை. சின்ன விஷயங்களை வகுப்பாசிரியரே முடிக்க வேண்டும். ரத்தக்காயம், திருட்டு, திரும்பத் திரும்ப ஒரே பிள்ளையை அடிப்பது, இவை மட்டும் உங்களிடம் வரட்டும். நால்வரும் உட்கார்ந்து விதிகளை மூன்றாகக் குறைத்து, எல்லோரும் ஒரே மாதிரியாகச் சொல்லுங்கள். ஒருவர் "ஓடாதே" என்று சொல்லி, இன்னொருவர் ஓடுவதைப் பார்த்தும் சும்மா இருந்தால் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கரும்பலகையில் "பேசியவர்கள்" பட்டியல் எழுதும் லீடர் வேலையையும் நிறுத்துங்கள். தேன்மிட்டாய் கொடுத்தால் பேர் அழியும், கொடுக்காதவன் பேருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி கூடும். லீடரை வாரம் ஒருமுறை மாற்றி, நோட்டு அடுக்க, தட்டு எண்ண விடலாம்.

கோடு போட்ட நோட்டு:
பிரம்பு விஷயத்தில் விவாதமே இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பதும் அதில் அடங்கும். அடுத்து, 40 பக்க நோட்டு ஒன்றில் கிழமை, நேரம், இடம், நடந்தது என நான்கு பத்தி போடுங்கள். பேர் வேண்டாம், பேர் வந்தால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். இரண்டு வாரத்தில் எந்த மூலை, எந்த நேரம் என்று தெரிந்துவிடும்.

மணியோசை:
பேர் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே பிள்ளை நாலு தடவை வந்தால் அது தெரிய வேண்டாமா? காது மந்தமாக இருக்கலாம், கண் தெரியாமல் இருக்கலாம். பேரைத் தனித்தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள்; நடமாடும் மருத்துவக் குழு வரும்போது அந்தப் பிள்ளையை முதலில் காட்டுங்கள்.

கோடு போட்ட நோட்டு:
தனித்தாள் சரி. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மட்டும் அதை எடுக்காதீர்கள். அங்கே நான்கில் மூன்று பங்கு பெற்றோர். சாயங்காலத்துக்குள் ஊரே பேசும்.

ஊர்ப்பள்ளி வாத்தியார்:
எண்ணிப் பார்த்தேன். குழாய் 6, தண்ணீர் வருவது 2 மட்டும். அப்போது இடைவெளி?

மணியோசை:
24 பேருக்கு 4 நிமிடம். முதல் மணியை 8 நிமிடம் முன்னால் அடியுங்கள். மேலாண்மைக் குழுவில் குழாயைப் பேசுங்கள் சார், மீதி 4 குழாயின் வாஷரையும் மாற்றச் சொல்லுங்கள்.